உத்தரவிலிருந்து கிணறு வரை

(பொதுக்கொள்கையில் முதுநிலைப் படிப்பு குறித்து, வேலூரில் கல்லூரி மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘பொதுக்கொள்கைப் படிப்பும் வேலைவாய்ப்பும்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். வேலைவாய்ப்பைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் சொல்லிவிட்டால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவீர்கள். அதற்கு முன்னால் ஒரு வழக்கைப் பற்றிப் பேச வேண்டும்.

இந்தியாவில் சுற்றுச்சூழல் சட்டம் பாடமாக இருக்கும் எந்த வகுப்பிலும், ஆரம்பித்த சில வாரங்களுக்குள் ‘வேலூர்’ என்ற பெயர் வந்துவிடும். கோட்டைக்காகவோ சி.எம்.சி. மருத்துவமனைக்காகவோ வருவதில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் இந்திய ஒன்றியத்துக்கு எதிராக 1991இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்குக்காக வருகிறது. எம்.சி. மேத்தா வாதாடினார். 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான மூவர் அமர்வு தீர்ப்பளித்தது. கேடு நிரூபணமாகும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்பதும், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்பதும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. நம் ஊர்த் தோல் ஷாப்புகள், அதாவது டேனரிகள், பாலாற்றில் விட்ட கழிவிலிருந்து பிறந்த சட்டம் அது.

தில்லியிலும் பெங்களூரிலும் இந்தத் தீர்ப்பைப் பத்தி எண்ணோடு ஒப்பிக்கும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். பாலாறு எந்த மாநிலத்தில் பிறந்து எந்தக் கடலில் சேருகிறது என்று கேட்டால் விழிப்பார்கள். இங்கே கதை தலைகீழ். வாணியம்பாடிப் பாலத்தின்மேல் பஸ் போகும்போது எந்த இடத்தில் வாடை அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தீர்ப்பைப் படித்தவர்கள் யார் என்று இப்போது கேட்டேன். எழுந்த கைகள் சொற்பம். ஒப்பிக்கத் தெரிந்தவருக்கு ஆறு தெரியாது, ஆறு தெரிந்தவருக்குத் தீர்ப்பு தெரியாது. இந்த இரண்டையும் ஒரே ஆளிடம் சேர்ப்பதுதான் இந்தப் படிப்பின் வேலை என்று நான் நினைக்கிறேன். உங்களைப் போன்றவர்கள் படிக்கப் போக வேண்டும் என்று சொல்வதற்கும் அதுவே காரணம்.

இந்தப் படிப்பில் என்ன சொல்லித் தருகிறார்கள்? கொஞ்சம் பொருளாதாரம், கொஞ்சம் புள்ளியியல், சட்டம், அரசியல், நிர்வாகம். இரண்டு வருடம். பெங்களூரு தேசியச் சட்டப்பள்ளி 2014இல் இதற்கென முதுநிலைப் பட்டம் தொடங்கியது. அங்கும் இங்குமாக இன்னும் பல இடங்களில் இருக்கிறது. பாடத்திட்டத்தை இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம்; அதைப் படித்துக் காட்ட நான் இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை. ஒரு பிரச்சினையை அந்தப் படிப்பு எந்தக் கண்ணோடு பார்க்கச் சொல்கிறது என்பதை நம் ஊர்க் கதையை வைத்தே சொல்லிப் பார்க்கிறேன்.

பாலாறு எப்போது கெட்டது என்று கேட்டால், டேனரி வந்த பிறகு என்போம். டேனரி வந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. உங்கள் தாத்தா காலத்திலும் தோல் பதனிட்டார்கள். ஆவாரம்பட்டை, கடுக்காய், பிறகு வாட்டில் பட்டை என்று மரப்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறப் போட்டு, பாதி பதமான தோலாக லண்டனுக்குக் கப்பலேற்றினார்கள். அந்தத் தண்ணீரும் சுத்தமானதல்ல; ஆனால் இப்போது நாம் பேசும் கேடு அந்த அளவில் இல்லை. 1970களின் தொடக்கத்தில் மத்திய அரசு சீதாராமய்யா குழுவின் பரிந்துரையை ஏற்று ஒரு முடிவு எடுத்தது. பாதி பதமான தோலை மலிவாக அனுப்பிவிட்டு, அதே தோலில் செய்த ஷூவை வெளிநாட்டுக்காரன் பல மடங்கு விலைக்கு விற்பதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? முழுதாகப் பதனிட்ட தோல், அதற்கும் மேலே ஷூ, கைப்பை என்று இங்கேயே செய்து அனுப்புவோம். பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு உச்சவரம்பு வந்தது. முழுத் தோலுக்கும் தோல் பொருளுக்கும் சலுகைகள் வந்தன.

இது நல்ல முடிவா கெட்ட முடிவா? அந்நியச் செலாவணிக்கு அடித்துக்கொண்டிருந்த காலம். அந்த முடிவு இல்லையென்றால் ஆம்பூரில் இன்று இத்தனை ஷூ கம்பெனிகள் இருக்காது. காலை ஷிப்டுக்குச் சீருடையோடு கம்பெனி பஸ் ஏறும் அத்தனை பெண்கள் இருக்க மாட்டார்கள். உங்களில் பலருடைய கல்லூரிக் கட்டணம் அந்த பஸ்ஸில் போய் வந்த சம்பளம்தான். நான் அந்த முடிவைத் திட்ட வரவில்லை.

ஆனால் முழுத் தோல் வேண்டுமென்றால் மரப்பட்டை போதாது, குரோமியம் வேண்டும். பட்டையில் வாரக்கணக்கில் ஆகும் வேலை குரோம் டிரம்மில் ஒரு நாளில் முடியும். தோல் நீலமாக, ‘வெட் புளூ’வாக வெளியே வரும். அதற்கு மேல் சாயம், எண்ணெய், மெருகு. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர், 170 வகை ரசாயனம் என்ற கணக்கு 1996 தீர்ப்பிலேயே இருக்கிறது. வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் சொன்னதாக இன்னொரு கணக்கும் அதில் வருகிறது: இந்தத் தோல் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனது.

1970களின் அந்த முடிவுக்கான கோப்பு தில்லியில் வணிக அமைச்சகத்தின் மேசையில் இருந்தது. ஏற்றுமதி எத்தனை கோடி கூடும் என்ற பத்தி அதில் இருந்திருக்கும். துத்திப்பட்டிலும் வளையாம்பட்டிலும் கிணற்றுக்கு என்ன ஆகும் என்பது அந்த மேசையின் விஷயமே இல்லை. விவசாயம் வேறு துறை, குடிநீர் மாநிலத்தின் பாடு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்ற ஒன்று அப்போது பிறக்கவேயில்லை. தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டமே 1974இல்தான் வந்தது. கெட்ட எண்ணம் யாருக்கும் இருந்திருக்க வேண்டியதில்லை. ஒரு துறையின் நல்ல முடிவு இன்னொரு துறையின் கிணற்றில் போய் இறங்குகிறது. கிணறு அந்தத் துறையின் கணக்கில் வராததால் அது செலவாகவும் தெரிவதில்லை. பொருளாதார வகுப்பில் ‘புறவிளைவு’ என்று இரண்டு மணி நேரம் படம் போட்டு விளக்குவார்கள். உங்களுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் போதும்.

சரி, தீர்ப்பு வந்தது. என்ன சொன்னது? ஐந்து மாவட்டங்களின் டேனரிகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம். 1996 நவம்பர் 30க்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர வேண்டும், அல்லது சொந்தமாக நிலையம் கட்ட வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு ஒன்று வேண்டும். பாதிக்கப்பட்டவர்களை அடையாளம் கண்டு இழப்பீடு நிர்ணயிக்க, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஓர் ஆணையம் வேண்டும். மேத்தாவுக்குத் தமிழக அரசு 50,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார்கள்.

சட்டக் கல்லூரி மாணவருக்குப் பாடம் இங்கே முடிந்தது. பொதுக்கொள்கை மாணவருக்கு இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஆணையம் அமைந்தது, நீதிபதி பாஸ்கரன் தலைமை தாங்கினார். ஊர் ஊராகக் கணக்கெடுத்து, 2001 மார்ச் 7 அன்று வேலூர் பகுதிக்கான இழப்பீட்டுத் தீர்வத்தை, அதாவது ‘அவார்டை’, வெளியிட்டது. 547 டேனரிகள் 29,193 பேருக்கு 26 கோடியே 82 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும். எந்தக் காலத்துக்கு? 1991 ஆகஸ்ட் 12 முதல் 1998 டிசம்பர் 31 வரை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம், செல்போனை எடுங்கள். ஆளுக்குச் சராசரியாக ஒன்பதாயிரத்துச் சொச்சம். ஏழு வருடம் நாலரை மாதத்துக்கு. மாதத்துக்கு என்ன வருகிறது? நூற்று நாலு ரூபாய் பக்கம். கிணறு போனதற்கும் நெல் போனதற்கும் மாதம் நூறு ரூபாய்.

அவசரப்படாதீர்கள். இந்தப் படிப்பு முதலில் கற்றுத்தருவது சராசரியை நம்பாதே என்பதைத்தான். ஒருவருக்கு ஐந்து ஏக்கர், ஒருவருக்கு இருபது சென்ட். ஒருவர் நிலம் முழுதாகப் போயிருக்கும், இன்னொருவருக்குப் பாதி. ஆகவே ஆளுக்கு ஆள் தொகை மாறும். அடுத்த கேள்வி அதைவிட முக்கியமானது. இழப்பை நிலத்தால் அளந்தால் பட்டா உள்ளவர் பெயர்தான் பட்டியலில் ஏறும். அந்த நிலத்தில் நாற்று நட்டும் களை எடுத்தும் கூலி வாங்கிய அம்மாவின் பெயர் எங்கே ஏறும்? நிலம் கருகியபோது அவருக்கும் வேலை போனது. அதே அம்மாவின் மகன் அந்த நிலத்தைக் கெடுத்த டேனரியிலேயே சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்கிறவனாக இருந்தால், அவர்கள் வீட்டை எந்தப் பக்கம் எழுதுவீர்கள்? பாதிக்கப்பட்டவர் என்றா, பயன்பெற்றவர் என்றா? இந்தக் கேள்வியைக் கேட்காத செலவு-பயன் அட்டவணையை என்னிடம் கொண்டு வராதீர்கள் என்று மாணவர்களிடம் கண்டிப்பாகச் சொல்வேன்.

தீர்வம் வந்தது, பணம் வந்ததா? சிலருக்கு வந்தது. 2009 ஆகஸ்டில் இன்னொரு தீர்வமும் போட்டார்கள். டேனரிகளிடம் வசூல், ஆட்சேபம், உயர் நீதிமன்றம், மேல்முறையீடு. கடைசியில் 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. இன்னும் இழப்பீடு கிடைக்காதவர்களுக்கு மாநில அரசு 6 வாரத்துக்குள் முதலில் கொடுத்துவிட வேண்டும், பிறகு மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ளலாம். ஆற்றையும் நிலத்தையும் மீட்க, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் 4 மாதத்துக்குள் குழு அமைக்க வேண்டும். வழக்குத் தொடுத்தது 1991. அந்த வருடம் பிறந்த குழந்தை 2025இல் முப்பத்து நாலு வயது ஆள்.

ஏன் இவ்வளவு காலம்? “அதிகாரிங்க சரியில்ல”, “முதலாளிங்க காசு கொடுத்துட்டாங்க” என்று டீக்கடையில் பதில் சொல்லிவிடலாம். அதில் உண்மை இருக்கலாம். ஆனால் அதற்கு யாரும் இரண்டு வருடம் படிக்க வேண்டியதில்லை. 1973இல் பிரெஸ்மன், வில்டாவ்ஸ்கி என்று இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் ஒரு புத்தகம் போட்டார்கள். ஓக்லண்ட் நகரத்து ஏழைகளுக்கு வேலை கொடுக்க வாஷிங்டன் கோடிக்கணக்கில் பணம் ஒதுக்கியது. யாரும் திட்டத்தை எதிர்க்கவில்லை, பணத்தையும் யாரும் திருடவில்லை. ஆனாலும் சொன்னபடி வேலை வரவில்லை. ஏன் என்று நோண்டிப் பார்த்தார்கள். திட்டம் நிறைவேற 70 இடங்களில் யாராவது ஒருவர் ‘சரி’ என்று சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு இடத்திலும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு ‘சரி’ கிடைக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எழுபதையும் தாண்டுகிற வாய்ப்பு பாதிக்கும் குறைவு. செல்போன் கையில்தானே இருக்கிறது, 0.99ஐ எழுபது தடவை பெருக்கிப் பாருங்கள்.

இப்போது நம் கதையில் அந்தப் படிகளை எண்ணுங்கள். நிலத்தை அளக்க வேண்டும். தண்ணீர் மாதிரி எடுக்க வேண்டும். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று வி.ஏ.ஓ. அடங்கலைப் புரட்டிச் சொல்ல வேண்டும். அப்பா பெயரில் இருந்தால் வாரிசுச் சான்று. வாரிசுகளில் ஒருவர் ஓசூரிலும் இன்னொருவர் துபாயிலும் இருந்தால் கையெழுத்து. எந்த டேனரியின் கழிவு எந்தக் கிணற்றைக் கெடுத்தது என்று பிரித்துச் சொல்ல முடியாததால், 547 டேனரிகளுக்குள் பங்கு பிரிக்க ஒரு முறை. டேனரி கைமாறியிருந்தால் நோட்டீஸ் யாருக்கு? மூடியிருந்தால்? கட்ட மறுத்தால் வருவாய் மீட்புச் சட்டத்தில் நடவடிக்கை. சட்டம் 1864ஆம் ஆண்டுடையது. இதற்கு நடுவில் 2019இல் வேலூர் மாவட்டமே மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போயின. மேல்விஷாரம் ராணிப்பேட்டைக்குப் போனது. பேரணாம்பட்டு வேலூரிலேயே நின்றது. ஒரே ஆற்றின் ஒரே வழக்குக்கு இப்போது மூன்று கலெக்டர் அலுவலகங்கள். மாவட்டம் பிரித்தது மக்கள் வசதிக்காக, அதிலும் தப்பில்லை. படிகளின் எண்ணிக்கை மட்டும் கூடியது.

உத்தரவுக்கும் கிணற்றுக்கும் நடுவில் இருக்கும் இந்தத் தூரத்தைப் படி படியாக அளக்கத் தெரிந்தவர்கள் நம்மிடம் மிகக் குறைவு. தீர்ப்பு எழுத ஆள் இருக்கிறார்கள், போராட ஆள் இருக்கிறார்கள். நடுவில் எந்தப் படியில் எத்தனை மாதம் கோப்பு நின்றது, எந்தப் படியை எடுத்துவிடலாம், எதை எடுத்தால் அநியாயமாகும் என்று உட்கார்ந்து சொல்ல ஆள் இல்லை. 2025 தீர்ப்பில் ‘அரசு முதலில் கொடுக்கட்டும்’ என்று வந்ததே, நல்ல கொள்கை வடிவமைப்பு என்றால் அது. பணம் விவசாயி கைக்குப் போவதற்கு முன்னால் இருந்த படிகளில் பலவற்றை அது விவசாயியின் தலையிலிருந்து அரசின் தலைக்கு மாற்றியது. 2001இலேயே அப்படி யாராவது எழுதிக் கொடுத்திருந்தால்?

இன்னொரு விஷயம், எனக்கு மிகவும் பிடித்த ஒப்பீடு. 1989இல் ஜெர்மனி பென்டாகுளோரோபினால் என்ற ரசாயனத்தைத் தடை செய்தது. தோலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க அப்போது நம் ஆட்கள் போட்டது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால் சரக்கு உள்ளே வராது என்றார்கள். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் என்ன நடந்தது? சென்னை அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் மாற்று ரசாயனம் சொன்னது, சோதனைக் கூடங்கள் வந்தன, டேனரிகள் மாறின. அடுத்து 1994இல் சில அசோ சாயங்களைத் தடை செய்தார்கள், அதற்கும் மாறினார்கள். முதலாளி அதே ஆள்தான், டேனரியும் அதுதான். ஜெர்மனியின் சட்டத்துக்குச் சட்டென்று பணிந்தவர்கள் நம் நாட்டுச் சட்டத்துக்கு ஏன் இத்தனை இழுபறி செய்தார்கள்?

தேசபக்தி இல்லை என்று சொல்லாதீர்கள். ஹாம்பர்க் துறைமுகத்தில் சரக்கைச் சோதிக்க ஆள் இருக்கிறது. தேறாவிட்டால் சரக்கு திரும்பி வரும். நஷ்டம் அந்த முதலாளிக்கு மட்டும், அன்றைக்கே. இங்கே கிணற்றைச் சோதிப்பவர் எப்போதாவது வருகிறார். கெட்டதற்கு யார் காரணம் என்று தனித்துச் சொல்ல முடிவதில்லை. நஷ்டம் வேறொருவருக்கு, அதுவும் பத்து வருடம் கழித்து. 1996இல் போட்ட 10,000 ரூபாய் அபராதமும் அப்படித்தான். மூடிவிடுவோம் என்ற மிரட்டல் கூடவே இல்லாவிட்டால், அது ஒரு வகை லைசென்ஸ் கட்டணமாகவே ஆகியிருக்கும். யார் அளக்கிறார்கள், எத்தனை நாளைக்கு ஒருமுறை, அளந்ததை யார் பார்க்க முடியும் என்ற மூன்றும் சட்டத்தின் கடுமையைவிட முக்கியம். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டு வெளியே வந்தாலே உங்கள் கட்டணத்தில் பாதி வசூல்.

சுத்திகரிப்பு நிலையம் கட்டினார்களே, அது என்ன ஆயிற்று என்று சிலர் முகத்தில் கேள்வி தெரிகிறது. கட்டினார்கள். வாணிடெக், ஆம்பூர்டெக், ரானிடெக், விஷ்டெக், பேரணாம்பட்டில் பெர்டெக். உலகத்தில் பல தோல் ஊர்களில் இந்த அளவுகூடக் கிடையாது. கட்டியவர்களை அதற்காக மதிக்கிறேன். ஆனால் உப்பு என்று ஒன்று இருக்கிறது. ஆடு, மாட்டை உரித்த இடத்தில் தோல் அழுகாமல் இருக்க அதன் எடையில் நாற்பது சதவீதம் அளவுக்கு உப்பைப் போட்டு அனுப்புகிறார்கள். டேனரியில் முதல் வேலை அதை ஊறப்போட்டுக் கழுவுவது. அந்த உப்பெல்லாம் தண்ணீரில் கரைந்துவிடும். பாக்டீரியாவை வைத்துச் சுத்திகரிக்கும் தொட்டி சாக்கடைக் கழிவைத் தின்னும், உப்பைத் தின்னாது. ஆகவே சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்று அடுத்த விதி வந்தது. சவ்வூடு பரவல் இயந்திரம், அதற்கு மேல் கொதிக்கவைத்து ஆவியாக்கும் கலன்கள். மின்சாரமும் விறகும் தின்னும் வேலை. கடைசியில் கையில் நிற்பது ஒரு குவியல் அழுக்கு உப்பு. வாங்க ஆள் இல்லை, கொட்ட இடம் இல்லை.

ஒரு டேனரியில் பார்த்ததைச் சொல்கிறேன். வண்டியிலிருந்து தோல் இறங்கியதும் தண்ணீரில் போடாமல், கூரைபோல் சாய்ந்த ஒரு மரச்சட்டத்தின்மேல் எறிந்து எறிந்து எடுக்கிறார்கள். காய்ந்த உப்பு பொலபொலவென்று கீழே உதிர்கிறது. அள்ளிச் சாக்கில் கட்டுகிறார்கள். இரண்டு ஆள், ஒரு மரச்சட்டம், அவ்வளவுதான். தண்ணீரில் கரையாத உப்பைப் பிரிக்க எதையும் ஆவியாக்க வேண்டிய அவசியமே இல்லை. கோடி ரூபாய் இயந்திரத்துக்கு மானியம் கொடுக்கிற அரசு, இந்த இரண்டு ஆள் கூலிக்கு ஒரு திட்டம் போட்டால் என்ன ஆகும் என்று நீங்கள்தான் கணக்குப் போட வேண்டும். போட்டால் ஒரு முதுநிலை ஆய்வேடு தயார்.

உத்தரவு நிறைவேறியதாலேயே வரும் ஆபத்தும் உண்டு. 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து டேனரியில் படுத்திருந்த பத்துப் பேர் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆற்றுக்குப் போகக் கூடாத கழிவை எங்கே வைப்பது, எத்தனை நாள் வைப்பது, அதன் பக்கத்தில் யார் தூங்குகிறார்கள் என்பதெல்லாம் ஆற்றைக் காப்பாற்றும் உத்தரவில் இல்லை. அதே சிப்காட்டில் 1990களில் மூடிய குரோமேட் ஆலை விட்டுப்போன ஒரு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு மலையும் இருக்கிறது. 2006இல் உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களில் ஒன்றாக ராணிப்பேட்டையைச் சேர்த்தார்கள். ஆலை மூடியாகிவிட்டது. குரோமியத்துக்கு மூடு விழா கிடையாது.

இப்படிப்பட்ட விஷயங்களை நம் ஊர்க்காரர்கள் ஆராயவில்லையா? ஆராய்ந்தார்கள். மால்கம் ஆதிசேஷையா என்ற பெயர் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1910இல் இதே வேலூரில் பிறந்தவர். இங்குள்ள ஊரிஸ் கல்வி நிலையத்தில் படித்தவர். யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநர் வரை உயர்ந்து, திரும்பி வந்து, 1971இல் சென்னையில் எம்.ஐ.டி.எஸ். என்ற ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். அந்த நிறுவனத்திலிருந்துதான் பால் அப்பாசாமியும் ஜனகராஜனும் பாலாற்றுக்கு வந்தார்கள். 2000களின் தொடக்கத்தில் டேனரி முதலாளி, விவசாயி, அதிகாரி, தொண்டு நிறுவனம் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்களை ஒரே மேசையில் உட்காரவைக்க ஜனகராஜன் முயன்றார். சென்னைப் பொருளியல் பள்ளியில் உ. சங்கர் டேனரிகளின் சுத்திகரிப்புச் செலவைப் பொருளாதாரமாக ஆராய்ந்தார். அந்த ஆய்வுகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. பேரணாம்பட்டு விவசாயி ஒருவர் படித்திருக்க வழியில்லை.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று. எலினார் ஆஸ்ட்ரம், 2009இல் பொருளாதார நோபல் பெற்ற முதல் பெண். 1965இல் அவர் முடித்த ஆராய்ச்சிப் பட்டத்தின் பொருள் என்ன தெரியுமா? லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் ஒரு நிலத்தடி நீர்ப்படுகையில் கடல் உப்பு ஏறுகிறது. அதை உறிஞ்சுகிறவர்கள் தங்களுக்குள் எப்படி ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள் என்பது. உப்பேறும் கிணறுகளில் ஆரம்பித்து அவர் நோபல் வரை போனார். உங்கள் ஊரில் உப்பேறிய கிணற்றுக்குப் பஞ்சமா?

சரி, வேலைவாய்ப்பு. கலெக்டர் ஆக முடியுமா என்று கேட்கிறீர்கள். முடியாது, அதற்குத் தேர்வு தனி. இந்தப் பட்டம் அந்தத் தேர்வுக்கு டியூஷனும் அல்ல. ஆராய்ச்சி நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள், ஆலோசனைக் கம்பெனிகள், ஏற்றுமதிக் கம்பெனிகளின் இணக்கப் பிரிவு, மாநிலத் திட்டக்குழு போன்ற இடங்களில் வேலை உண்டு. தமிழக அரசு 2022இல் முதலமைச்சர் ஆய்வுத்திட்டம் ஒன்று தொடங்கியது. திருச்சி பாரதிதாசன் மேலாண்மை நிறுவனத்தோடு சேர்ந்து இளைஞர்களைத் துறைகளுக்குள்ளேயே உட்காரவைத்து வேலையும் படிப்பும் தருகிறார்கள். விசாரித்துப் பாருங்கள். தனியார் பல்கலைக்கழகங்களில் கட்டணம் லட்சக்கணக்கில். உதவித்தொகை கையில் வராமல் கடன் வாங்கிச் சேராதீர்கள். ஆரம்பச் சம்பளம் அந்தத் தவணையைத் தாங்காது. இதைச் சொல்வதால் என்னை மறுபடி கூப்பிடாமல் போகலாம், பரவாயில்லை.

ஆங்கிலம் என்ற பயமும் இருக்கிறது. வாணியம்பாடி இஸ்லாமியாவிலும் மேல்விஷாரம் அப்துல் ஹக்கீமிலும் ஆம்பூர் மழ்ஹருல் உலூம் கல்லூரியிலும் படித்துவிட்டு வெளியே போகிற பிள்ளைகள் முதல் ஆறு மாதம் வகுப்பில் வாயைத் திறப்பதில்லை. பக்கத்தில் இருப்பவனின் இங்கிலீஷ் வேகத்தைப் பார்த்து நமக்கு எதுவும் தெரியாது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஷூவின் மேல்பாகத்தை, அதுதான் அப்பர், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஜோடிக் கணக்கில் கையால் தைத்துக் கொடுக்கிற ஒரு அக்காவை அவர்களில் பலர் பார்த்திருக்கிறார்கள். அவருக்கு இ.எஸ்.ஐ. இல்லை, பி.எஃப். இல்லை, தொழிற்சாலை விதிகளின் கண்ணுக்கே அவர் தெரிய மாட்டார். வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களுக்காக 1996இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு போட்ட உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது ஆர்டர் குறைந்தால் முதலில் யாருக்குத் தையல் நிற்கும் என்று அந்த வகுப்பில் யாருக்குத் தெரியும்? உங்களுக்குத் தெரியும். அதைத் தட்டுத்தடுமாறியாவது சொல்லுங்கள். இலக்கணம் தானாக வரும். திண்ணை எல்லோருக்கும் வராது.

உங்களிடம் கேட்டுக்கொள்வது இரண்டு. இந்தப் படிப்புக்கு விண்ணப்பம் போடும் முன் 1996 தீர்ப்பையும் 2025 தீர்ப்பையும் முழுதாகப் படியுங்கள். இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. படித்துவிட்டு உங்கள் ஊரில் இழப்பீட்டுப் பட்டியலில் யார் பெயர் இருக்கிறது, யாருக்குப் பணம் வந்தது, யாருடையது எந்தப் படியில் நிற்கிறது என்று நாலு வீட்டில் கேட்டு எழுதுங்கள். அப்படி எழுதியது நாலு பக்கம் இருந்தாலும் போதும்; எந்த நேர்முகத் தேர்விலும் அதைவிட நல்ல விண்ணப்பம் எனக்குத் தெரியாது. சேர்ந்து படித்து ஆய்வேடு எழுதினால், அதன் சுருக்கத்தைத் தமிழில் எழுதி அந்த நாலு வீட்டுக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.

நேரம் ஆகிவிட்டது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.